சின்னப் பிள்ளைகளோடு கப்பல் பயணம்: எந்தக் கப்பலை எடுப்பது?

பால்மரம் | 4 ஜனவரி 2026, இரவு 9.40

நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட். மூத்தவனுக்கு 4 வயசு, சின்னவளுக்கு 14 மாசம். கூட மாமியாரும் வர்றாங்க, அவங்க சைவம். இந்த வருசம் மூணு இல்ல நாலு ராத்திரி கப்பல்ல போகலாம்னு வீட்டுல பேச்சு. பெரிய கப்பலா பார்த்து எடுத்தா பிள்ளைங்களுக்கு விளையாட நிறைய இருக்கும், அதனால பெரிசுதான் நல்லதுன்னு நினைக்கிறேன். டவுன்ல இருக்கிற ஏஜென்டு காட்டுற படம் பூரா சறுக்கும் ரோலர்கோஸ்டரும்தான். சரியா?

செம்பனை | 4 ஜனவரி, இரவு 10.55

அளவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள் தங்கச்சி. உங்கள் வீட்டுக்கு எந்தக் கப்பல் என்று முடிவு செய்யப்போவது அந்த 14 மாதக் குழந்தைதான்.

ஏறுவதற்குத் தடையில்லை. பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் 6 மாதம் நிறைந்த குழந்தையை ஏற்றும். பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணத்துக்குத்தான் 12 மாதம் கேட்பார்கள். சிக்கல் ஏறிய பிறகுதான். பிள்ளைகளை விட்டுவிட்டு வரும் கிட்ஸ் கிளப்பில், அதாவது ராயல் கரிபியன் கம்பெனியின் அட்வென்ச்சர் ஓஷன், டிஸ்னியின் ஓஷனியர் கிளப் இரண்டிலும், 3 வயது ஆகியிருக்க வேண்டும், கழிவறைப் பழக்கம் வந்திருக்க வேண்டும். பெம்பர்ஸ் கட்டிய பிள்ளையை எடுக்க மாட்டார்கள். ஜட்டி மாதிரி இழுத்து மாட்டும் வகையும் செல்லாது. மூத்தவன் போகலாம். சின்னவளுக்கு நர்சரி மட்டும்தான், 6 மாதம் முதல் 3 வயது வரை. கிட்ஸ் கிளப் பகலில் இலவசம். நர்சரிக்கு மணிக்கணக்கில் காசு, இடமும் கொஞ்சம். ஒரே கம்பெனியின் எல்லாக் கப்பலிலும் நர்சரி இருக்காது, அதனால் கம்பெனியைச் சொல்லிக் கேட்காதீர்கள், கப்பலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஏஜென்டு காட்டும் படங்கள் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானவை. ராயல் கரிபியனின் அலைச்சறுக்கில் படுத்துப் போக 132 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், நின்று போக 147. நான்கு வயதுப் பையன் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருப்பான். வரிசையில் நின்று, அளவுகோல் பக்கம் போய், அழுதுகொண்டே திரும்ப வேண்டியிருக்கும்.

லயத்துவீடு | 5 ஜனவரி, காலை 6.20

அண்ணே சொன்னதோட குளத்தையும் சேர்த்துக்கோங்க. அதுதான் நிறைய பேரை ஏமாத்துது.

பெம்பர்ஸ் போடுற பிள்ளை பெரிய நீச்சல் குளத்துல இறங்கக்கூடாது. தண்ணிக்குன்னு விக்கிற நீச்சல் பெம்பர்ஸ் போட்டிருந்தாலும் கூடாது. காரணம் இருக்கு. அந்த பெம்பர்ஸ் கெட்டியா வர்றதைத்தான் பிடிக்கும், வயித்துப்போக்கைப் பிடிக்காது. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி, சாதாரண அளவு குளோரின்ல நாள் கணக்கா சாகாது. ஒரு பிள்ளையால குளத்தையே மூடணும். அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போற கப்பலுக்கு அங்க உள்ள சுகாதாரத் துறை போட்ட விதி இது. பெரிய கம்பெனிங்க உலகம் பூரா அதையே வச்சிருக்காங்க.

தனி வடிகட்டி வச்ச சின்னக் குழந்தைகளுக்கான தண்ணி இடம் இருந்தா அங்க நீச்சல் பெம்பர்ஸோட விடலாம். சில கப்பல்ல இருக்கு, சில கப்பல்ல இல்ல. ஏஜென்டுகிட்ட இப்படிக் கேளுங்க: "பெம்பர்ஸ் போடுற குழந்தை இறங்கக்கூடிய தண்ணி இடம் இந்தக் கப்பல்ல இருக்கா, எந்தத் தளத்துல?" தளத்தோட நம்பர் சொன்னாத்தான் அவர் பார்த்துச் சொல்றார்னு அர்த்தம். "இருக்கும் இருக்கும்"னா தெரியலைன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, காவலர். டிஸ்னியில குளத்துக்கு உயிர்காப்பாளர் உண்டு. ராயல் கரிபியன் 2017ல எல்லாக் கப்பலுக்கும் கொண்டு வந்தது. மத்த கம்பெனி நிறையத்துல போர்டு மட்டும்தான் தொங்கும், பிள்ளையை நீங்கதான் பார்த்துக்கணும். எந்தக் கப்பலா இருந்தாலும் நாலு வயசுப் பையனுக்குக் கை எட்டுற தூரத்துல ஒரு பெரியவங்க தண்ணிக்குள்ளயே இருக்கணும். கரையில உக்காந்து போன் பார்க்கிற வேலை ஆகாது.

பால்மரம் | 5 ஜனவரி, மதியம் 1.15

இது எதையும் ஏஜென்டு சொல்லல. சரி, இந்தப் பக்கம் ஓடுற கப்பல்ல எது எது பார்க்கலாம்?

செம்பனை | 5 ஜனவரி, இரவு 11.30

நம் பக்கத்தில் பார்க்க வேண்டியவை மூன்று வகை.

முதலாவது ஜெந்திங் ட்ரீம், ரிசோர்ட்ஸ் வேர்ல்டு க்ரூஸ் ஓட்டுவது. ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் கட்டி 2016இல் வந்த கப்பல். சிங்கப்பூரிலிருந்து போர்ட் கிளாங், பினாங்கு, பூக்கெட் பக்கம் போகும். நமக்கு இதில் பெரிய வசதி சாப்பாடு. ஹலால் சமையல் தனி, இந்தியச் சைவம் தனி. சைவம் சாப்பிடும் மாமியாருக்கு மூன்று வேளையும் சோறும் பருப்பும் சப்பாத்தியும் கிடைக்கும் கப்பல் சும்மா வந்து மாட்டாது.

இரண்டாவது ராயல் கரிபியனின் குவாண்டம் வகை: குவாண்டம் 2014, ஆந்தம் 2015, ஓவேஷன் 2016, ஸ்பெக்ட்ரம் 2019. எது சிங்கப்பூருக்கு வரும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். கூரை போட்ட உள்குளம் உண்டு. மழை நாளில் அதன் அருமை தெரியும்.

மூன்றாவது டிஸ்னி அட்வென்ச்சர். 2025 டிசம்பர் 15 என்று அறிவித்து, பிறகு 2026 மார்ச் 10க்குத் தள்ளினார்கள். 3, 4 இரவுப் பயணங்கள், சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் சிங்கப்பூருக்கே திரும்பும். கரை இறங்கவில்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். 14 மாதக் குழந்தை வைத்திருப்பவருக்கு அது குறையே இல்லை. ஆனால் புதுக் கப்பல். முதல் சில மாதங்களில் எந்தப் புதுக் கப்பலிலும் வரிசை, லிஃப்ட், சாப்பாட்டு நேரம் எல்லாம் படிந்து வரக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

பெரிசு, சிறிசு பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. கப்பலின் மொத்த டன்னைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுங்கள். டன் என்று பெயர் இருந்தாலும் இது எடை அல்ல, கப்பலின் உள்ளிடத்தின் அளவு. ஜெந்திங் ட்ரீம் 150,695 டன், 3,352 பேர், ஆளுக்கு 45. குவாண்டம் 168,666 டன், 4,180 பேர், ஆளுக்கு 40. எண் ஏற ஏற நெரிசல் குறையும்.

பால்மரம் | 6 ஜனவரி, காலை 10.05

டிஸ்னிக்குப் போட்டுப் பார்த்தேன் அண்ணே. 208,000 டன், ஏறக்குறைய 6,700 பேர்னு போட்டிருக்கு. 31தான் வருது. அப்ப ரொம்ப நெருக்கடியா?

லயத்துவீடு | 6 ஜனவரி, மாலை 5.50

அந்த 31ஐ 45 பக்கத்துல வைக்காதீங்க. 3,352, 4,180 ரெண்டும் ஒரு கேபினுக்கு ரெண்டு பேருன்னு வச்சு எண்ணினது. 6,700ங்கிறது கேபின்ல உள்ள மேல்தட்டுப் படுக்கை, சோபா படுக்கை எல்லாம் நிரம்பினா வர்ற உச்ச எண்ணிக்கை. குவாண்டத்தோட உச்சம் 4,905. அதைப் போட்டா அதுவும் 34க்கு இறங்கிடும். உச்சத்தை உச்சத்தோடதான் ஒப்பிடணும்.

செம்பனை | 6 ஜனவரி, இரவு 10.10

லயத்துவீடு சொல்வது சரியான கணக்கு. குடும்பங்கள் உச்ச எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் பள்ளி விடுமுறையில் மூன்றாவது, நான்காவது படுக்கை எல்லாம் நிரம்பிவிடும்.

விடுமுறை என்றால் நம் விடுமுறை மட்டும் அல்ல. கப்பல் சிங்கப்பூரில் ஏற்றுகிறது, விலையைத் தூக்குவது சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை. ஜூன் மாதம், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடிய, மார்ச்சில் ஒரு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம். உங்கள் மூத்தவன் இன்னும் தமிழ்ப்பள்ளியில் சேரவில்லை. இது இன்னும் இரண்டு மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும் சலுகை. ஞாயிறு ஏறி வியாழன் இறங்கும் வாரத்தைப் பிடியுங்கள். கிட்ஸ் கிளப்பில் கூட்டம் குறையும், நர்சரியில் இடம் கிடைக்கும்.

செம்பனை | 6 ஜனவரி, இரவு 10.40

விட்டுப்போனது ஒன்று. நீங்கள் மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்றால் ஐந்து பேர். சாதாரண கேபினில் நான்கு பேருக்கு மேல் பதிய முடியாது. "குழந்தை அம்மா கூடத்தானே படுக்கும்" என்பது கவுண்டரில் எடுபடாது. உயிர்காப்புப் படகில் இடம் தலைக்கு ஒன்று; கைக்குழந்தையும் ஒரு தலை.

அதனால் இரண்டு கேபின். நடுவில் கதவு உள்ள இணைப்பு கேபினாகக் கேளுங்கள். பதியும்போது மாமியாரைத் தனியாக ஒரு கேபினில் போட்டுவிடாதீர்கள். ஒருவர் மட்டும் இருந்தால் ஏறக்குறைய இரண்டு பேர் காசு வாங்குவார்கள். ஒவ்வொரு கேபினிலும் பெரியவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதால் மாமியாரும் மூத்தவனும் ஒன்றில், நீங்கள் மூவரும் மற்றதில் என்று பதியலாம். ஏறிய பிறகு யார் எங்கே படுத்தாலும் கேட்கப்போவதில்லை. சேவைக் கவுண்டரில் சொல்லி இரண்டு கேபினுக்கும் எல்லாப் பெரியவர்களுக்கும் சாவி அட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இணைப்பு கேபின்களும் நான்கு பேர் கேபின்களும் முதலில் தீரும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. கேபின் காலியாக இருந்தும் மூன்றாவது, நான்காவது ஆளைப் பதிய முடியாமல் போவதுண்டு. அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகின் கணக்கு நிரம்பியிருக்கும். அப்படிச் சொன்னால் அதே கப்பலில் வேறு பகுதியில் கேபின் பார்க்கச் சொல்லுங்கள். கப்பலையே விட்டுவிட வேண்டியதில்லை.

லயத்துவீடு | 7 ஜனவரி, காலை 6.05

கேபின் பத்தி நான் எழுதுறேன்.

இடம்: நடுக்கப்பல், கீழ்த்தளம். ஆட்டம் அங்கதான் குறைவு, முன்னும் பின்னும்தான் தூக்கிப் போடும். அதுக்கு மேல தளப்படத்தை இறக்கி, உங்க கேபினுக்கு நேர் மேல என்ன, நேர் கீழ என்னன்னு பாருங்க. மேலயும் கீழயும் கேபினா இருந்தா நிம்மதி. மேல குளத்தளம்னா விடியக்காலை அஞ்சு மணிக்கு நாற்காலி இழுக்கிற சத்தம் வரும். கீழ தியேட்டரோ கேசினோவோ இருந்தா ராத்திரி பன்னெண்டு வரைக்கும் தரை அதிரும். லிஃப்டுக்கு நாலஞ்சு கதவு தள்ளி எடுங்க, நேர் எதிர்ல வேணாம்.

பால்கனியா, சன்னல் இல்லாத உள் கேபினா? எனக்கு ரெண்டு மனசு. பகல்ல பாப்பா தூங்குற ஒண்ணரை மணி நேரம் பெரியவங்க வெளிய உக்காரலாம், அதுக்குப் பால்கனி நல்லது. கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்கு மேல இருக்கும், கண்ணாடியோ கம்பியோ இடைவெளி பிள்ளை நுழையாத அளவுலதான் இருக்கும். ஆபத்து அங்க இல்ல. அங்க போட்டிருக்கிற நாற்காலியிலயும் குட்டி மேசையிலயும்தான் ஆபத்து. நாலு வயசுப் பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏற ஒரு நிமிசம் போதும். கப்பல் ஏறின உடனே கேபின் ஊழியரைக் கூப்பிட்டு ரெண்டையும் எடுக்கச் சொல்லிடுங்க. உக்காரணும்னா கையோட நாற்காலியைத் தூக்கிட்டுப் போய், எழுந்திருக்கும்போது உள்ள கொண்டு வந்துடுங்க. பால்கனிக் கதவுல மேல ஒரு தாழ்ப்பாள் இருக்கான்னு பாருங்க. இல்லாட்டி உள் கேபின்தான் எடுப்பேன்.

கதவைப் பத்தி இன்னும் சொல்லணும். கேபின் கதவு தீயைத் தடுக்கிற கதவு. கனமா இருக்கும், தானா மூடும். பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது யாராவது கேபின் கதவைத் திறந்தா, காத்து ரெண்டு பக்கமும் இழுத்து அது படார்னு அடிக்கும். நிலைக்கும் கதவுக்கும் நடுவுல, கீல் பக்கம், சின்ன விரல் இருந்தா நசுங்கிடும். கப்பல் கிளினிக்குக்குப் பிள்ளைங்க வர்ற காரணத்துல இதுவும் ஒண்ணு. வீட்டுல ஒரு சட்டம் போட்டுடுங்க: ஒரு கதவு மூடின பிறகுதான் இன்னொரு கதவு.

குளியலறை வாசல்ல அரை சாண் மாதிரி ஒரு படி எழும்பி நிக்கும். தண்ணி வெளிய வராம இருக்க வச்சது. புதுசா நடக்கிற பிள்ளை அதுல தடுக்கி நேரா டைல்ஸ்ல விழும். துண்டை மடிச்சு அந்தப் படிமேல போட்டா அடி குறையும். கழிவறை விமானத்துல உள்ள மாதிரி உறிஞ்சுற வகை, சத்தம் பயங்கரம். மூத்தவன் மேல உக்காந்திருக்கும்போது அமுக்கிடாதீங்க, ஒரு தடவை பயந்தான்னா அப்புறம் பெம்பர்ஸைத்தான் கேப்பான், கிட்ஸ் கிளப்பும் போச்சு. இறக்கி விட்டு, மூடியைப் போட்டு, பிறகு அமுக்குங்க. ஈரத் துடைப்பான், பெம்பர்ஸ் எதையும் அதுல போடக்கூடாது. ஒரே குழாய்ல பல கேபின் சேர்ந்திருக்கு, உங்க ஒரு துடைப்பான் வரிசையா நாலு வீட்டை அடைக்கும்.

தொட்டி இருக்கிற குளியலறை குறைவு, ஷவர்தான். காத்தடிக்கிற சின்னத் தொட்டி ஒண்ணு பெட்டியில வைங்க, ஷவர் தரை அளவுக்குள்ள அடங்குற மாதிரி. உள் கேபின்ல விளக்கணைச்சா கையைக் கண் முன்னால காட்டினாலும் தெரியாது, இரவு விளக்கு கொண்டு போங்க. சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி பிடிக்கும். ஈரத் துணி, தொப்பி, பை எல்லாம் மேல தொங்கிட்டா தரை பாப்பாவுக்குக் கிடைக்கும்.

மேல்தட்டுப் படுக்கை பொதுவா 6 வயசுக்குக் கீழ கூடாது. மூத்தவனுக்குச் சோபா படுக்கை, சின்னவளுக்குக் கம்பெனி தர்ற மடக்குத் தொட்டில். தொட்டிலைப் பதியும்போதே சொல்லிடுங்க. ரெண்டும் விரிச்சா நடக்க வழி இருக்காது. அண்ணன் சொன்ன ரெண்டு கேபின் அதுக்கும் நல்லது.

பால்மரம் | 7 ஜனவரி, இரவு 8.30

படிக்கப் படிக்கத் தலை சுத்துது அக்கா, ஆனா இப்பதான் எதைக் கேக்கணும்னே தெரியுது. கடல் ஆட்டம் பிள்ளைங்களுக்கு ஒத்துக்குமா? மாமியார் காடியில பினாங்கு போனாலே மயங்குவாங்க.

லயத்துவீடு | 7 ஜனவரி, இரவு 9.55

ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குக் கடல் மயக்கம் ரொம்ப அரிது. 2லிருந்து 12 வரைக்கும்தான் அதிகம். அதனால மூத்தவனையும் மாமியாரையும் கவனிங்க. சாதாரணமா விக்கிற மயக்க மாத்திரை நிறைய, ரெண்டு வயசுக்குக் கீழ கொடுக்கக்கூடாதது. மூத்தவனுக்கும் எடை சொல்லி கிளினிக்ல கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. காதுக்குப் பின்னால ஒட்டுற பட்டை பெரியவங்களுக்கானது, பிள்ளைக்கு ஒட்டாதீங்க. மாமியாருக்குக் கண்ணில் நீரழுத்தம் இருந்தாலும் அது ஆகாது.

செம்பனை | 7 ஜனவரி, இரவு 11.20

மாத்திரையை விடப் பருவமும் பாதையும் முக்கியம். மலாக்கா நீரிணைக்குச் சுமத்ரா ஒரு பக்கம் மறைப்பு, நம் கரை இன்னொரு பக்கம் மறைப்பு. போர்ட் கிளாங், பினாங்கு வரை போகும் பயணத்தில் பெரும்பாலான நாள் கப்பல் ஓடுவதே தெரியாது. தென்சீனக் கடல் அப்படி அல்ல. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. வியட்நாம், கோ சாமுய், பேங்காக் பக்கம் போகும் கப்பல் நன்றாக ஆடும். பூக்கெட்டுக்கு நேர்மாறு: மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றில் அந்தமான் கடல் எழும்பும். ஆக ஆண்டு தொடக்கத்தில் போனால் பினாங்கு, பூக்கெட் பாதை. ஆண்டு நடுவில் போனால் கிழக்குப் பாதை, இல்லையென்றால் நீரிணைக்குள்ளேயே சுற்றுவது.

பூக்கெட்டில் பட்டோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நங்கூரம் போட்டு, சிறு படகில் கரைக்குக் கொண்டு போவதுண்டு. ஸ்ட்ரோலரை மடித்து, பாப்பாவைக் கையில் தூக்கி, ஆடும் படியிலிருந்து ஆடும் படகுக்கு இறங்க வேண்டும். பயணத் திட்டத்தில் அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு மாற்றம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்ட்ரோலரைக் கப்பலிலேயே விட்டுவிட்டுத் தூளிப் பையில் பிள்ளையைக் கட்டிக்கொள்ளுங்கள். பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை. சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும்.

ஸ்ட்ரோலரும் ஒல்லியாக மடங்குவதாக இருக்கட்டும். சாதாரண கேபின் கதவு 60 சென்டிமீட்டரைச் சுற்றித்தான். இரட்டை ஸ்ட்ரோலர் நுழையாது; நடைக்கூடத்தில் நிறுத்தவும் விட மாட்டார்கள், தீயணைப்பு வழி அது.

பால்மரம் | 9 ஜனவரி, மதியம் 12.40

பினாங்குல இருந்தே ஏறலாமா? எங்களுக்குச் சிங்கப்பூர் போறதே ஒரு பயணம்.

செம்பனை | 9 ஜனவரி, இரவு 10.25

சில பயணங்களில் வழித்துறைமுகத்தில் ஏற விடுவார்கள். பருவத்துக்குப் பருவம் மாறும், ஏஜென்டிடம் "பினாங்கு அல்லது போர்ட் கிளாங்கில் ஏறி அங்கேயே இறங்கும் தேதி உண்டா" என்று கேளுங்கள். கிடைத்தால் உங்களுக்குப் பினாங்குதான் சொகுசு. சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து கூரை போட்ட நடைபாதையில் பினாங்கு சென்ட்ரல் வழியாக ஃபெரி, அக்கரையில் இறங்கினால் மணிக்கூண்டுப் பக்கம்தான் சுவெட்டன்ஹாம். பெட்டி இருந்தால் கிராப் வாடகைக் கார்.

போர்ட் கிளாங் என்றால் ஒன்று கவனியுங்கள். கப்பல் முனையம் புலாவ் இண்டாவில் இருக்கிறது. கொமுட்டர் ரயிலின் கடைசி நிலையமான பெலாபுஹான் கிளாங்கில் இறங்கிவிட்டால் முனையம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அங்கிருந்து இன்னும் நல்ல தூரம் காடியில் போக வேண்டும். பிள்ளைகளோடு கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்தே நேராக வண்டி பிடிப்பது மேல்.

சிங்கப்பூர்தான் என்றால் அதே நாள் போகும் எண்ணம் வேண்டாம். ஜோகூர் பாலத்தில் நெரிசல் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். முதல் நாளே தாண்டித் தங்குங்கள். மரினா பே கப்பல் முனையத்துக்கு எம்ஆர்டி ரயிலில் மரினா சவுத் பியர் நிலையம், அங்கிருந்து நடை.

செம்பனை | 9 ஜனவரி, இரவு 10.50

பத்திரங்கள். பிள்ளைகளுக்கும் கடப்பிதழ் வேண்டும். 12 வயது வரை 100 மலேசிய வெள்ளி, 60 வயது தாண்டியவர்களுக்கும் 100, மற்றவர்களுக்கு 200. திரும்பும் நாளில் 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும். பிறப்புப் பத்திர நகலையும் கையில் வையுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் கூட்டிப் போனால் மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். காசு இல்லை, காசு கேட்கும் தளம் குடிநுழைவுத் துறையின் தளம் அல்ல, மூடிவிடுங்கள். பாலத்தில் நுழைய ஒரு தடவை, கப்பல் திரும்பி வரும் நாளுக்கு இன்னொரு தடவை, பாப்பாவுக்கும் சேர்த்து. பூக்கெட்டில் இறங்கினால் தாய்லாந்துக்கும் 2025 மே முதல் இதே மாதிரி இணைய அட்டை உண்டு.

லயத்துவீடு | 10 ஜனவரி, காலை 7.10

உடம்பு விசயம். சின்னவளுக்கு 9 மாசத்துலயும் 12 மாசத்துலயும் போடுற எம்எம்ஆர் ஊசி ரெண்டும் போட்டாச்சான்னு புத்தகத்தைப் பாருங்க. கப்பல்ல அதிகமா பரவுற வயித்துப்போக்கு நோரோவைரஸ். வாசல்ல வச்சிருக்கிற ஜெல் அதுக்குச் சரியா வேலை செய்யாது, சோப்பும் தண்ணியும்தான். பஃபேக்குள்ள போகும்போது எல்லாரும் கை கழுவுங்க, கரண்டி பிடிச்சுட்டுப் பிள்ளை வாயில கை வைக்காதீங்க. ஓஆர்எஸ் பொட்டலம், காய்ச்சல் மருந்து, வெப்பமானி கையில இருக்கட்டும். கப்பல் கிளினிக் கட்டணம் டாலர்ல வரும். காப்புறுதி எடுக்கும்போது கப்பல் பயணம், அவசரமா கரைக்குக் கொண்டு போற செலவு ரெண்டும் சேர்ந்திருக்கான்னு வரி வரியாப் படிங்க.

ஏறின உடனே பாப்பாவுக்கு உயிர்காப்புச் சட்டை கேளுங்க. கேபின் அலமாரியில இருந்தாலும் அது பெரியவங்களோடதாத்தான் இருக்கும். அனைத்துலக விதிப்படி 15 கிலோவுக்குக் கீழ கைக்குழந்தை அளவு, 15லிருந்து 43 கிலோ வரை பிள்ளை அளவு. மூத்தவனை எடை போட்டுட்டுப் போங்க, அவன் ரெண்டுக்கும் எல்லையில நிப்பான். பிள்ளைங்க கையில கட்டுற பட்டையில, ஆபத்து நேரத்துல எந்த இடத்துல கூடணும்னு நம்பர் இருக்கும், குளிக்கும்போதும் கழட்டாதீங்க.

பெரிய பெட்டியைத் துறைமுகத்துல கொடுத்தா கேபினுக்கு வர சாயங்காலம் ஆகலாம். பால் மாவு, பெம்பர்ஸ், மருந்து, மாத்துத் துணி, நீச்சல் உடை எல்லாம் தோள் பையில.

செம்பனை | 11 ஜனவரி, இரவு 9.15

பணம். பெரிய எழுத்தில் போடும் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையலாம். துறைமுக வரி குறையாது. சேவைக் கட்டணமும் தனி. ராயல் கரிபியனில் ஆளுக்கு ஒரு நாளுக்கு 18 அமெரிக்க டாலருக்கு மேல், கைக்குழந்தைக்கும் சேர்த்து. ஐந்து பேர், நான்கு இரவு, குறைந்தது 360 டாலர். ஏஜென்டு விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கப்பலில் எல்லாச் செலவும் சாவி அட்டையில் ஏறும். டெபிட் அட்டை கொடுத்தால் அவர்கள் பிடித்து வைக்கும் தொகை இறங்கிய பிறகும் சில நாள் முடங்கிக் கிடக்கும். வீட்டுச் செலவுக் கணக்கின் அட்டையைக் கொடுக்காதீர்கள். கைபேசியை ஏறியவுடன் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பை அது தானாகப் பிடித்துக்கொண்டால் பில் பயங்கரமாக வரும்.

பால்மரம் | 13 ஜனவரி, இரவு 8.50

வீட்டுல பேசியாச்சு. சின்னவளுக்கு மூணு வயசு ஆகிற வரைக்கும் சறுக்கு, ரோலர்கோஸ்டர் கப்பல் வேணாம். மாமியார் சாப்பாட்டுக்காகவும் ஜெந்திங் ட்ரீம்தான் மொதல்ல கேக்கப் போறோம், நடுக்கப்பல்ல ரெண்டு இணைப்பு கேபின், நீரிணைப் பாதை, பினாங்குல ஏற முடியுமான்னும் கேப்போம். நர்சரி, பாப்பா தண்ணி இடம் ரெண்டையும் எழுத்துல கேட்டிருக்கேன். கடைசியா ஒண்ணு: பாட்டில் கழுவ, சுடுதண்ணி, சோறு குழைக்க என்ன கொண்டு போகலாம்? மாமியார் சின்ன ரைஸ் குக்கர் எடுத்து வச்சிருக்காங்க.

லயத்துவீடு | 13 ஜனவரி, இரவு 10.35

குக்கரை வீட்டுலயே வச்சிடச் சொல்லுங்க. சூடு பண்ற எந்தச் சாமானும் விட மாட்டாங்க: குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி. ஸ்கேன்ல பார்த்து எடுத்து வச்சுட்டு இறங்கும்போதுதான் கொடுப்பாங்க. மின்னல் காப்பு வச்ச நீட்டிப்புக் கம்பியும் அப்படித்தான். நம்ம மூணு முள் பிளக்குக்குச் சாதாரண அடாப்டர் போதும்.

பாட்டிலுக்கு, குளிர்ந்த தண்ணியில கரைக்கிற கிருமிநீக்கி மாத்திரையும் ஒரு மூடி வச்ச டப்பாவும் எடுங்க. அடுப்பு தேவையில்ல. சுடுதண்ணி பஃபேயில எந்நேரமும் கிடைக்கும், நல்ல ஃபிளாஸ்க் ஒண்ணு. சோத்தைக் குழைக்க ஒரு கிண்ணமும் அழுத்துற கரண்டியும் போதும். இந்தியச் சைவப் பக்கம் போய் வெறும் சோறு, பருப்புத் தண்ணி, தயிர் கேளுங்க, கொடுப்பாங்க. வீட்டுல செஞ்ச ஊறுகாய் பிடிபடலாம், கடையில சீல் வச்சு விக்கிறது போகும். மாமியார் பூண்டு வெங்காயம் சேர்க்க மாட்டாங்கன்னா அதைப் பதியும்போதே எழுதணும், ஏறினப்புறம் சொன்னா முதல் நாள் கஷ்டப்படுவாங்க.

செம்பனை | 13 ஜனவரி, இரவு 11.05

முன்பணம் கட்டும் முன் கேபின் எண்களை வாங்குங்கள். "உத்தரவாத கேபின்" என்ற மலிவு விலையில் எடுத்தால் எண்ணைக் கம்பெனிதான் கடைசியில் போடும், இரண்டும் அருகருகே வரும் என்பதற்கு உறுதி இல்லை. எண் வந்ததும் இங்கே போடுங்கள், தளப்படத்தில் மேலே கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.